திருகோணமலையில் ஒரு சேட்டக்: முதலில் கசிவு, பிறகு பிஸ்ரன்

கடற்கரை ஊரில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் ஸ்கூட்டர், பிஸ்ரன் சிலிண்டர் சுவரில் பிடித்து நின்றால் உடனே கிடைக்கும் தீர்ப்பு "போர் அடிக்க வேண்டும்", அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும், என்பதுதான். அடித்துப் புது பிஸ்ரனும் போட்ட வண்டி அடுத்த கச்சான் (சூடான தென்மேற்குக் காற்று) காலத்தில் மறுபடியும் பிடிக்கும். பழைய பிஸ்ரன் ஏன் பிடித்தது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் கிராங்கின் (பிஸ்ரன் சுழற்றும் தண்டின்) ஒயில் சீலோ பாக்கிங் முகமோ வழியாக எஞ்சின் களவாகக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். அப்படி வரும் காற்று காபரேட்டரைத் தாண்டி வருவதால் அதோடு பெற்றோலும் இல்லை, பெற்றோலில் கலந்திருக்க வேண்டிய ஒயிலும் இல்லை. ஆகவே இந்தப் பதிவில் வேலை கசிவுச் சோதனையில்தான் தொடங்குகிறது.

எடுத்துக்கொண்ட வண்டி உப்புவெளிப் பக்கம் கடலுக்கு அண்மையில் நீண்ட காலம் நின்ற பஜாஜ் சேட்டக். 57 மில்லிமீற்றர் போர், 57 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக், 145 சிசி, நான்கு கியர், முன்னும் பின்னும் டிரம் பிரேக். எஞ்சின் அமைப்பு பழைய வெஸ்பாவின் வழி வந்தது. பெற்றோல் கலவை உள்ளே போவதைத் திறந்து மூடுவது கிராங்கின் வட்டத் தகடே. கீழே சொல்லும் பெரும்பாலானவை வெஸ்பா 150க்கும் பொருந்தும். ஆனால் உதிரிப்பாகம் வாங்கும்போது பழைய துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். திருகோணமலையில் கிடைக்காதது கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். அங்கே "சேட்டக்குக்கு" என்று மட்டும் கேட்டால் முச்சக்கர வண்டிக்குரியதும் கலந்து வரும்.

கழற்றுவதற்கு முன்

ஓடும் நிலையில் உள்ள எஞ்சின் என்றால் காதாலேயே பாதியைக் கண்டுபிடிக்கலாம். திரொட்டிலை மூடிய பிறகும் வேகம் இறங்காமல் தொங்கி நின்றால், அல்லது சூடானதும் ஐட்லிங் தானாக ஏறினால், பிளைவீல் பக்கத்துச் சீல் காற்று இழுக்கிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை அடங்காமல் வந்து, கியர் ஒயிலும் குறைந்துகொண்டு போனால் கிளச் பக்கத்துச் சீல் கியர் ஒயிலை உறிஞ்சுகிறது. கியர் ஒயிலில் பெற்றோல் மணம் வந்து அளவு கூடியிருந்தாலும் அதே சீல்தான். அப்போது கசிவு எதிர்ப்பக்கமாகப் போகிறது.

ஓடாத எஞ்சினுக்கு அமுக்கச் சோதனை வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கைமீற்றர் ஒன்று போதும். அதன் 300 மில்லிமீற்றர் அளவு ஏறத்தாழ 0.4 பார், அதாவது 6 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் கீழே. இந்த வகை எஞ்சினுக்கு அதற்கு மேல் கொடுக்கவும் கூடாது. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, உள்ளே சின்னச் செப்புக் குழாய் வைத்து ஈயம் பற்றவைத்தால் இணைப்பு தயார். காபரேட்டர் பெட்டியைக் கழற்றி, அது இருந்த முகத்தைச் சைக்கிள் ரியூப் துண்டும் தகரத் தட்டும் வைத்து இறுக்குங்கள். புகைக் குழாய் வாயை ரப்பர் அடைப்பானால் அடையுங்கள். பிஸ்ரன் அடிமட்டத்தில் நிற்க வேண்டும்; அப்போதுதான் சிலிண்டரும் கிராங் அறையும் ஒன்றாகத் திறந்திருக்கும்.

300க்கு ஏற்றிவிட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் இறக்கம் 50க்குள் இருந்தால் பரவாயில்லை. முள் கண்முன்னே சரிந்தால் சவர்க்கார நீரைத் தடவித் தேடுங்கள்: சிலிண்டர் அடிப் பாக்கிங், இரண்டு பாதிகளும் சேரும் கோடு, ஹெட், பிளைவீலைக் கழற்றிய பின் அதன் சீல். எங்கும் நுரை வராமல் முள் மட்டும் இறங்கினால் கியர்ப் பெட்டியின் மூச்சுத் துளையில் நுரையை வையுங்கள். அங்கே குமிழி வந்தால் கிளச் பக்கம்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனையில் உள்ளேயிருந்து வரும் அமுக்கம் சீலின் உதட்டைத் தண்டோடு சேர்த்து அழுத்துகிறது. ஓடும்போது இழுவை வருகையில் அதே உதடு விலகிப்போகலாம். ஆகவே சோதனையில் தேறிய சீல் என்றாலும் எஞ்சினைப் பிளந்துவிட்டால் இரண்டையும் மாற்றிவிடுங்கள். சீலின் விலை போர் அடிக்கும் கூலிக்கு முன்னே ஒன்றுமில்லை.

இறக்குவதும் பிளப்பதும்

கிளச் கேபிள், கியர் கேபிள் இரண்டு, பின் பிரேக் கேபிள், திரொட்டில், சோக், வயர்கள், பெற்றோல் குழாய், இவை கழன்றதும் எஞ்சினைப் பிடித்திருப்பவை இரண்டே: பின் சொக்கின் (அதிர்வு தாங்கியின்) கீழ் போல்ட், எஞ்சின் ஊசலாடும் நீண்ட போல்ட். இந்த நீண்ட போல்ட்தான் கடற்கரை வண்டியில் தகராறு செய்யும். உப்பு இறங்கி, ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். இரண்டு முனையிலும் ஊடுருவும் ஒயில் விட்டு ஒரு இரவு விடுங்கள். நட்டை முனையோடு மட்டமாக வைத்துப் பித்தளைக் கோலால் அடியுங்கள். நட்டில்லாமல் அடித்தால் மரை சப்பையாகி, போல்ட் வெளியே வராமலே போகும். திரும்பப் பூட்டும்போது முழு நீளத்துக்கும் கிரீஸ்.

பிளைவீல் நட்டுக்கு வெளியே வளையக் கிளிப் இருந்தால் அதுவே இழுவைக் கருவி: நட்டு முதலில் தளரும், பிறகு கிளிப்பில் முட்டி மறுபடி இறுகும், தொடர்ந்து திருப்பினால் பிளைவீல் "டக்" என்று விடுபடும். கிளிப் இல்லாவிட்டால் புல்லர் வேண்டும். சுத்தியலால் ஓரத்தில் தட்டினால் காந்தம் உதிரும், கிராங்கும் வளையும். ஸ்டேட்டர் தட்டைக் கழற்றுவதற்கு முன், தட்டுக்கும் கேசுக்கும் குறுக்கே கூரான ஊசியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். தொழிற்சாலை அடையாளம் தெளிவாக இருந்தாலும் கீறுங்கள். முன்பு யாராவது திருப்பி வைத்திருந்தால் இரண்டும் பொருந்தாது, அதுவும் ஒரு தகவல்தான்.

கேசின் இரண்டு பாதியையும் ஸ்குரூ டிரைவர் விட்டு நெம்ப வேண்டாம். அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே அடுத்த கசிவு. 11 சாவிக்குரிய நட்டுகள் எல்லாம் கழன்றதா என்று விரலால் எண்ணிவிட்டு, மரச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டினால் போதும்.

இந்த வண்டியில் பிளைவீல் பக்கத்துச் சீலை எடுத்ததும் காரணம் வெளிப்பட்டது. கிராங் தண்டில் சீலின் உதடு உட்காரும் இடத்தில், சுற்றிவர ஒரு நூல் அகலத்தில் கறுத்த கோடு. அதில் ஊசிமுனைக் குழிகள். உதட்டுக்குக் கீழே தங்கிய ஈரத்தில் உப்பு அரித்தது. வண்டி ஓடாமல் நின்றால்தான் இது நடக்கும். தினமும் ஓடும் தண்டில் ஒயில் படலம் இருக்கும். நகத்தைக் குறுக்கே இழுத்தால் தடுக்கவில்லை, வழுவழுப்பாகப் போகிறது என்றால் 1000 நம்பர் தாளில் ஒயில் தொட்டு, தண்டைச் சுற்றும் திசையிலேயே மெருகேற்றலாம். நீளவாக்கில் தேய்த்தால் உதட்டுக்குக் குறுக்கே கீறல் விழுந்து ஒயிலை வெளியே கடத்தும். நகம் தடுக்கினால் புதுச் சீல் போட்டும் பயனில்லை: சீலை ஒரு மில்லிமீற்றர் வெளியே தள்ளிப் பூட்டி உதடு புது இடத்தில் உட்காருமா பாருங்கள், இல்லையென்றால் வேறு கிராங்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கேசுக்குள் கலவை நுழையும் வாயைச் சுற்றியுள்ள மெருகான வளைந்த முகம். கிராங் தகடு அதை ஒட்டிச் சுழன்றுதான் வாயை மூடுகிறது. இடைவெளி மயிரிழை அளவு. காற்று வடிகட்டி இல்லாமல் நிலாவெளி மணலில் ஓடிய வண்டியில் இந்த முகம் உழுத வயல் போல வரிவரியாக இருக்கும். அப்படியானால் கலவை காபரேட்டருக்கே திரும்பித் துப்பும், கிக்கர் அடித்தால் எளிதில் பற்றாது, ஐட்லிங் நிற்காது. இதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது. மெல்லிய கோடுகளோடு ஓடும். ஆழமானால் பற்றவைத்து லேத்தில் கடைய வேண்டும்.

கேஸ் திறந்திருக்கும்போதே கியர் மாற்றும் சிலுவைத் துண்டின் நான்கு முனைகளையும் பாருங்கள். விளிம்பு உருண்டிருந்தால் கியர் குதிக்கும். மறுபடி பிளப்பதைவிட இப்போதே மாற்றுவது நல்லது. கொன்றொட்டை (பிஸ்ரனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டை) மேலும் கீழுமாக ஆட்டினால் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது இயல்பு. பெயரிங்கைப் பெற்றோலில் கழுவி உலர்த்திக் கையால் சுழற்றுங்கள், கரகரத்தால் மாற்றுங்கள். பழையதில் பொறித்த எண்ணோடு "சி3" என்றும் இருந்தால் அதையும் சேர்த்தே கேளுங்கள். அது உட்தளர்வு கூடிய வகை. சாதாரணமானதைப் போட்டால் சூட்டில் இறுகும். கேசை ஏறத்தாழ 100 பாகைக்குச் சூடாக்கி, பெயரிங்கைப் பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் கிட்டத்தட்டத் தானாக விழும். தண்ணீர்த் துளி பட்டால் "சுர்" என்று ஆவியாகும் பதம் போதும்.

சிலிண்டர்

பிடித்த அடையாளம் எந்தப் பக்கம் என்பது முக்கியம். புகை வாய்ப் பக்கம் மட்டும் கீறியிருந்தால் சூடு கூடியதும் கலவை வரண்டதும் காரணம். சுற்றிவர நாலு இடத்தில் ஒரே அளவாகக் கீறியிருந்தால் போர் இறுக்கம். இங்கே புகை வாய்ப் பக்கம்தான். சீல் சொன்ன கதையோடு அது பொருந்துகிறது.

பிஸ்ரன்கள் பொதுவாகக் கால் மில்லிமீற்றர்ப் படிகளில் பெரிதாகி வரும். முதலில் பிஸ்ரனை வாங்குங்கள், பிறகு அதைக் கொடுத்துப் போர் அடிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் போட்ட எண்ணை நம்பி முன்கூட்டியே அடித்தால் இடைவெளி தவறும். பிஸ்ரனோடு வந்த தாளில் இடைவெளி குறித்திருந்தால் அதுவே கணக்கு. இல்லாவிட்டால், காற்றில் ஆறும் வார்ப்பிரும்புச் சிலிண்டருக்கு, பிஸ்ரனின் பாவாடைப் பகுதியில் (ரிங்குக்குக் கீழுள்ள சுவரில்) 0.10 மில்லிமீற்றர், லேத்காரர் கணக்கில் நாலு தவ் (ஒரு தவ் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று), கேளுங்கள். நாலு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களையே பார்த்துப் பழகியவர் "இது தளர்வு" என்று இரண்டு தவ்வில் முடிக்கப் பார்ப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

போர் அடித்து வந்த சிலிண்டர்ச் சுவரில் கலவையும் புகையும் போகும் வாய்களின் விளிம்புகள் சவர அலகு போலக் கூராக இருக்கும். பலர் இதை அப்படியே பூட்டிவிடுகிறார்கள். ரிங் வாயைக் கடக்கும்போது சற்று வெளியே பிதுங்கும், கூர் விளிம்பில் தட்டும், முறியும். சின்ன அரத்தாலோ எமரித் தாளாலோ எல்லா வாய்க்கும் அரை மில்லிமீற்றர் சரிவு கொடுத்து, பிறகு சவர்க்காரமும் சுடுதண்ணீரும் கொண்டு வெள்ளைத் துணியில் கறுப்புப் படாத வரை கழுவுங்கள். பெற்றோலில் மட்டும் கழுவினால் அரைத்த தூள் சுவரிலேயே தங்கும். உலர்ந்த உடனே ஒயில் தடவுங்கள். இந்த ஊர்க் காற்றில் அரை நாளில் துரு படரும்.

ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்ரன் தலையால் ஒன்றரைச் சென்றிமீற்றர் தள்ளி மட்டமாக்கி, வாய் இடைவெளியைப் பீலரால் (இடைவெளி அளக்கும் தகடுகளால்) மில்லிமீற்றரில் அளந்தால் 0.20 முதல் 0.35 வரை இருக்க வேண்டும். குறைந்தால் மெல்ல அராவலாம். பிஸ்ரன் காடியில் உள்ள சின்ன ஊசி ரிங்கின் வாய்க்குள் உட்கார வேண்டும். தலையில் உள்ள அம்புக்குறி புகை வாயை நோக்க வேண்டும். பிஸ்ரனைக் கொன்றொட்டோடு இணைக்கும் பின்னின் கிளிப்புகள் புதிதாகவே இருக்கட்டும். கிளிப்பைப் போடும்போது கிராங் வாயைத் துணியால் அடைக்காதவர், விழுந்த கிளிப்பைத் தேட எஞ்சினை மறுபடி பிளப்பார்.

இந்தக் குடும்பத்து எஞ்சினில் ஹெட் பாக்கிங் கிடையாது. உலோகமும் உலோகமும் நேரே அமர்கின்றன. தடித்த கண்ணாடியின் மேல் 400 நம்பர் தாளை விரித்து, ஹெட்டை எட்டு வடிவில் தேய்த்து, முகம் முழுதும் ஒரே மங்கலாக வரும்வரை தொடருங்கள்.

இறுக்கும் அளவுகள்: ஹெட் நட்டுகளும் கேஸ் நட்டுகளும் 15 நியூட்டன் மீற்றர், பிளைவீல் நட்டு 60 முதல் 65, பின் சக்கர நட்டு 90 முதல் 110. டோர்க் சாவி இல்லாவிட்டால் மீன் நிறுக்கும் சுருள் தராசைக் கொக்கியிடுங்கள். நட்டின் மையத்திலிருந்து 15 சென்றிமீற்றரில் 10 கிலோ இழுவை 15 நியூட்டன் மீற்றருக்குச் சமம். 30 சென்றிமீற்றரில் 22 கிலோ இழுத்தால் 65. தராசு சாவிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஹெட்டைக் குறுக்குக் குறுக்காக, இரண்டு தடவையில். முதல் ஓட்டத்துக்குப் பிறகு முழுதாக ஆறியதும் மறுபடி பாருங்கள்.

கார்க் கிளச் தட்டுகளைப் பூட்டுவதற்கு முன் ஓர் இரவு கியர் ஒயிலில் ஊறவையுங்கள். கியர் ஒயில் எஸ்ஏஇ 30, கால் லீற்றர். நாலு ஸ்ட்ரோக் காருக்குரிய வழுக்கும் சேர்மானம் கலந்த ஒயிலை விட்டால் கிளச் நழுவும்.

பற்றவைப்பும் கலவையும்

பொயின்ட் (பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) உள்ள பழைய வண்டியில் இடைவெளி 0.3 முதல் 0.5 மில்லிமீற்றர். இது மாறினால் டைமிங்கும் (பொறி விழும் நேரமும்) மாறும். ஆகவே முதலில் பொயின்ட், பிறகு டைமிங். ஸ்டேட்டர் தட்டைப் பிளைவீல் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும். முந்தினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும், ஹெட் கொதிக்கும். அடையாளத்தில் வைத்து விடுங்கள். "கொஞ்சம் முந்தி வைத்தால் இழுக்கும்" என்ற பேச்சு கச்சானில் பிஸ்ரனைத் தின்னும்.

பிளக் 14 மில்லிமீற்றர் மரை, 12.7 மில்லிமீற்றர் நீளம். என்ஜிகே பி7எச்எஸ் இந்த ஊர்ச் சூட்டுக்குப் பொருந்தும், இடைவெளி 0.6. என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ந்த வகை. பொஷ்ஷில் எண் குறைந்தால் குளிர்ந்த வகை. இதை மாறி விளங்கிக்கொண்டு சூடான பிளக் போட்டு ஓட்டுகிறவர்கள் நிறையப்பேர்.

நின்ற வண்டியின் பெற்றோல் தாங்கியில் துரு இருக்கும். எலுமிச்சை உப்பு லீற்றருக்கு 100 கிராம் வீதம் இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஓர் இரவு நிரப்பி வையுங்கள். ஊற்றியபின் அப்பச்சோடா கரைத்த நீரால் அலசி, வெயிலில் உலர்த்தி, தாமதிக்காமல் ஒயில் கலந்த பெற்றோலால் உட்புறத்தை நனையுங்கள். காபரேட்டர் ஜெட்டுகளைக் கம்பியால் குத்த வேண்டாம். ஜெட்டின் எண் துளையின் அளவை மில்லிமீற்றரின் நூறில் ஒன்றாகச் சொல்கிறது. 100 என்றால் ஒரு மில்லிமீற்றர். இரும்புக் கம்பி ஒரு தடவை போய் வந்தால் அந்த எண் பொய்யாகிவிடும். நைலோன் இழையும் காற்றும் போதும். காபரேட்டரைப் பெட்டியோடு பிடிக்கும் இரண்டு போல்டையும் அளவோடு இறுக்குங்கள். மிஞ்சினால் உடல் வளைந்து ஸ்லைட் சிக்கும்.

கலவை ஸ்குரூவை மெல்ல அடிவரை மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்குங்கள். எஞ்சின் சூடான பிறகு, வேகம் உச்சத்துக்கு வரும் இடம் பார்த்து, அங்கிருந்து கால் சுற்று வெளியே. இந்த வகைக் காபரேட்டரில் உள்ளே திருப்பினால் கலவை வரளும், வெளியே எடுத்தால் செறியும்.

ஒயில் 2 வீதம்: ஐந்து லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் ரூ-ரி (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குரிய) ஒயில். புது போர் பழகும் வரை 3 வீதம், அதாவது 150. அதற்கு மேல் ஊற்றுவது பாதுகாப்பல்ல. ஒயில் கூடக் கூட அதே ஜெட் வழியாகப் போகும் பெற்றோல் குறையும், புகை வாயும் கரியால் அடையும். வைகாசி, ஆனியில் கச்சான் அடிக்கும்போது காற்றுச் சூடாகி அடர்த்தி குறைவதால் வண்டி சற்றுச் செறிந்து ஓடும், புகையும் கொஞ்சம் கூடும். அதைப் பார்த்து ஜெட்டைச் சிறிதாக்க வேண்டாம். அதே சூட்டில்தான் சிலிண்டர் ஆறவும் சிரமப்படுகிறது. மூடித் தகட்டைக் கழற்றி, செதில்களுக்கிடையே ஒயிலும் மணலும் சேர்ந்து அப்பியதைச் சுரண்டுவதுதான் கச்சானுக்கான வேலை.

பிரேக்

ஓடத் தொடங்கிய வண்டிக்குத்தான் பிரேக் வேண்டும் என்று இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். சோதனை ஓட்டத்துக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை இது.

சக்கரத்தை எடுத்து ரயரைப் பிரிப்பதாயின் முதலில் காற்றை முழுதாக இறக்குங்கள். றிம் இரண்டு பாதியாக நட்டுகளால் பூட்டப்பட்டது. காற்றோடு நட்டைக் கழற்றினால் பாதி முகத்துக்குப் பறக்கும்.

டிரம்முக்குள் இருக்கும் தூளை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்துத் துணியைக் கட்டி எறியுங்கள். பின் ஷூவில் ஒயில் ஊறியிருந்தால் பின் அச்சின் சீல் கியர் ஒயிலை விடுகிறது. சீலை மாற்றி, ஷூவையும் மாற்றுங்கள். பெற்றோலில் கழுவிக் காயவைத்த லைனிங் முதல் சூட்டிலேயே மறுபடி ஒயிலைக் கக்கும். லைனிங் 2 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் காலம் முடிந்தது.

டிரம்மின் உட்சுவரில் துருவும் பளபளப்பும் இருந்தால் 80 நம்பர் தாளால் குறுக்காகத் தேய்த்தெடுங்கள். புது ஷூவின் லைனிங்கில் சோக்கட்டி பூசி, பூட்டி, பிரேக்கை இலேசாகப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிக் கழற்றிப் பாருங்கள்: சோக்கட்டி அழிந்த இடம்தான் டிரம்மைத் தொடுகிறது. புது ஷூ பெரும்பாலும் நடுவில் ஒரு திட்டில் மட்டும் தொடும். அந்தத் திட்டை அராவி மறுபடி பூசுங்கள். முக்கால்வாசி அழியும்வரை இதைச் செய்தால் முன் பிரேக்கே வேறு பிரேக்காகிவிடும். லைனிங்கின் இரண்டு முனைக்கும் சரிவு கொடுத்தால் கீச்சிடாது. காமுக்கும் (ஷூவை விரிக்கும் துண்டுக்கும்) ஷூ ஊசிக்கும் சூடு தாங்கும் கிரீஸ் ஒரு பூச்சு மட்டும். வழிந்தால் லைனிங்கில்தான் போய் நிற்கும்.

கேபிள்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும், உறைக்குள் உப்புத் துரு இருந்தால் லீவரின் பாதி வலு அங்கேயே போய்விடும். உட்கம்பியை மட்டும் மாற்றாமல் உறையோடு மாற்றி, மேல் முனையில் பொலித்தீன் கூம்பு கட்டி ஒயில் விட்டு, கீழே சொட்டும்வரை தொங்கவிடுங்கள். பூட்டியபின் பிரேக்கை முழுதாகப் பிடிக்கையில் காம் கையும் கேபிளும் ஏறத்தாழச் செங்கோணத்தில் நிற்க வேண்டும். அதைத் தாண்டிப் போனால், எவ்வளவு இறுக்கினாலும் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். சக்கரம் உரசும்வரை இறுக்கி, உரசல் நீங்கும்வரை தளர்த்துங்கள். பின் சக்கர நட்டுக்குப் புதுப் பிளவு ஊசி போடுங்கள். தளர்ந்த நட்டு டிரம்மின் பல்லைத் தின்றுவிடும்.

ரயர் 3.50-10: முன்னே 18 பிஎஸ்ஐ, தனியே ஓட்டினால் பின்னே 25, இருவராயின் 35.

ஓட்டம்

முதல் 500 கிலோமீற்றரில் 50க்கு மேல் போகாமல், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடிக்காமல் ஓட்டுங்கள். உப்புவெளி–நிலாவெளி வீதி தட்டையானது, அதற்குத் தோது. உவர்மலை ஏற்றமும் கோணேசர் கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால் ஏறும் வீதியும் இப்போதைக்கு வேண்டாம். இறக்கத்தில் திரொட்டிலை மூடிக் கியரில் உருளவிட்டால் சிலிண்டருக்கு ஒயிலும் போகாது. கிளச்சைப் பிடித்து, பிரேக்கால் இறங்குங்கள்.

500 முடிந்ததும் தட்டை வீதியில், பின்னால் வாகனம் இல்லாதபோது, மூன்றாம் கியரில் முழுத் திரொட்டிலில் சற்றுத் தூரம் போய், கிளச்சைப் பிடித்து அதே கணம் எஞ்சினை நிறுத்தி ஓரமாக்குங்கள். பிளக்கின் பீங்கான் கோப்பி நிறமாயிருந்தால் ஜெட் சரி. வெளிறியிருந்தால் ஜெட்டை உடனே மாற்றாமல் அமுக்கச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அது தேறினால் மட்டும் ஒரு எண் பெரிய ஜெட். கறுத்து ஈரமாயிருந்தால் முதலில் வடிகட்டியையும் சோக் முழுதாகத் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். கியர் ஒயிலையும் இந்த இடத்தில் மாற்றி, வடித்ததை மோந்து பாருங்கள். பெற்றோல் மணம் இல்லையென்றால் கிளச் பக்கத்துச் சீல் சரியாக உட்கார்ந்திருக்கிறது.